கோப்பித் தீர்வையும் தெல்தோட்டையும்

தெல்தோட்டையில் தேயிலைப் பொதிகளை இணையத்தில் விற்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் தமது கணினித் திரையை எனக்குக் காட்டினார். வாங்குபவரின் நாட்டை மாற்றியவுடன் வரியும் விலையும் மாறின. "சிறிய நிரல்தான் ஐயா, நாட்டுக்கு நாடு வரிவீதம் வேறு" என்றார்.

எனக்கோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய பிரித்தானியச் சுங்க அட்டவணை நினைவுக்கு வந்தது. அங்கே விலையை மாற்றியது வாங்குபவரின் நாடு அன்று; பொருள் விளைந்த நாடு.

1825ஆம் ஆண்டின் ஏற்பாட்டின்படி, ஓர் இறாத்தல் கோப்பிக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தால் 6 பென்ஸ், இலங்கை உள்ளிட்ட கிழக்கிலிருந்து வந்தால் 9 பென்ஸ், அந்நிய நாடுகளிலிருந்து வந்தால் 15 பென்ஸ் தீர்வை. 1834இல் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அங்கே விளைச்சல் குன்றத் தொடங்கியது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கான தீர்வையும் 6 பென்ஸாகக் குறைக்கப்பட்டது. ஓர் எண் மாறியது. கண்டிச் சீமையின் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. தெல்தோட்டை மலைகளும் தப்பவில்லை. 1852இல் ஜேம்ஸ் டெய்லர் இங்குள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு வந்ததும் கோப்பிக்காகவே. அவர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது பின்கதை.

அந்தக் கோப்பியைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வழியே நடந்தே வந்தவர்கள் நம் மக்கள். வழியில் கொள்ளைநோய்க்குப் பலியானோர் பலர்.

சலுகையும் நிலைக்கவில்லை. 1840களில் அந்நியக் கோப்பிக்கான தீர்வை படிப்படியாகக் குறைந்தது. 1851இல் எந்த நாட்டுக் கோப்பிக்கும் 3 பென்ஸ் என்றாயிற்று. 1847ஐ ஒட்டிய நெருக்கடியில் பல தோட்டங்கள் கைமாறின. 1869இல் தோன்றிய இலைநோய் எஞ்சியதையும் காலப்போக்கில் அழித்தது. ஆயினும் தொழிலாளர்கள் இங்கேயே தங்கினர். கோப்பி போய்த் தேயிலை வந்தது.

இந்த மலையில் விளைந்த கொட்டைக்கு 1835இலேயே சமவுரிமை கிடைத்தது. அதைப் பறித்தவர்களின் சந்ததியினரிடம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், "நீ எந்த நாடு?" என்று கேட்டது. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது.

அந்த இளைஞரின் பாட்டனாரும் நாடற்றவராகவே இறந்தவராம். பேரனின் திரையில் உலக நாடுகளின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அனுப்புமிடம் என்ற கட்டத்தில் மட்டும் எப்போதும் ஒரே சொல்: இலங்கை.