தபாலில் வந்தவர்

ஒரு சிற்றேட்டுக்குப் புதிதாக ஒருவன் எழுத வருவதை நாம் இலக்கிய சரித்திரமாகக் கருதுவதில்லை. ஏடு தொடங்கிய வருஷம், நின்ற வருஷம், ஆசிரியர் பெயர், இவற்றோடு திருப்தியடைந்துவிடுகிறோம். ஏற்கெனவே கூடியிருக்கும் வட்டத்துக்குள் புதியவன் எப்படிப் பிரவேசித்தான், வட்டம் அவனை என்ன செய்தது, அவன் வட்டத்தை என்ன செய்தான் என்பதில்தான் ஏட்டின் குணம் தெரிகிறது. ‘எழுத்து’வை இந்த நோக்கில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’வைத் தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதை ‘பெட்டிக்கடை நாரணன்’ மறுபிரசுரமாயிற்று. மணிக்கொடிக்காரர்களின் வீடு அது. திண்ணையில் மூத்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஓராண்டு கழித்து, 1960 ஜனவரி இதழில், தருமு சிவராமின் ‘நான்’ வெளிவந்தது. பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்டவர். அப்போது வயது 20, ஊர் திருகோணமலை. திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவுக்கு வந்து யாரையும் வணங்கி நிற்கவில்லை. கையெழுத்துப் பிரதி மட்டும் கடல் தாண்டி வந்தது.

செல்லப்பாவின் சொந்தப் பிரவேசம் வேறு மாதிரியானது. ‘மணிக்கொடி’யில் பி. எஸ். ராமையா காலத்தில் சிறுகதை எழுதியவர் அவர். அந்த விசுவாசத்தைக் கடைசிவரை காப்பாற்றினார். ராமையாவின் சிறுகதைகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சிவராமிடம் அந்தச் சுபாவம் இல்லை. கவிதையோடு நிற்காமல் விமர்சனத்திலும் இறங்கினார். புதியவன் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற வழக்கு அங்கே செல்லவில்லை. செல்லப்பா பிரசுரித்தார். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுத்தபோது, 24 பேரில் ஒருவராகச் சிவராமும் இருந்தார்.

பின்னாளில் சிவராம் பலரோடும் சண்டையிட்டார். சி. மணி 1968இல் ‘நடை’க்குப் போனார். 1970இல் ‘எழுத்து’ நின்றது. அதே ஆண்டு ‘கசடதபற’ வந்தது. இடம் கொடுத்ததற்கு இதுதானா பலன் என்று கேட்கலாம். இதுதான் பலன் என்பேன். வந்தவர்கள் எல்லோரும் விசுவாசிகளாகவே இருந்திருந்தால் ‘எழுத்து’ ஒரு பஜனை மடமாக முடிந்திருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் முதன்முதலாக ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போனபோது, என்ன எழுதியிருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. யார் அழைத்துவந்தது என்று கேட்டார்கள். அவமானமாக இருந்தது. சில வருஷங்களுக்குப் பின், கூட்டத்தின் கடைசி வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனிடம் அதே கேள்வியை நானே கேட்டேன். அவன் மறுபடி வரவில்லை.

அவன் என்ன எழுதிக்கொண்டிருந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.