செப்பாலைத் தீவின் கலைக்கூடம்

ஜப்பானின் ஹொன்ஷூ, ஷிகோக்கு என்னும் இரு பெருந்தீவுகளுக்கு நடுவே கிடக்கும் செத்தோ உள்நாட்டுக் கடலில், ககாவா மாகாணத்துக்கு உட்பட்ட சிறு தீவாகிய நவோஷிமா இன்று கலைத்தீவு என்று உலகெங்கும் அறியப்பட்டாலும், அதன் அண்மைக்கால வரலாற்றைச் செப்பு உருக்காலையின் புகையிலிருந்தே தொடங்கவேண்டும். தாதுவை உருக்கிச் செம்பைப் பிரிக்கையில் எழும் கந்தக டை ஆக்சைடு வாயு பயிர்பச்சைகளைக் கருக்கிவிடும் என்பதால் அவ்வட்டாரத்தில் பிறர் வேண்டாமென்று ஒதுக்கிய ஆலையை, வருவாய்க்கு வழியற்றிருந்த இத்தீவு ஏற்றுக்கொள்ள, மிட்சுபிஷி நிறுவனம் 1917இல் வடமுனையில் அதை இயக்கத் தொடங்கியது. குன்றுகள் மொட்டையாயின; ஆனால் வேலையும் வரிப்பணமும் வந்தன. எட்டாயிரத்தை நெருங்கிய மக்கள்தொகை, ஆலைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறையக் குறைய, 1960களிலிருந்து சரியத் தொடங்கியது.

1959 முதல் 1995 வரை ஊர்த்தலைவராக இருந்த சிக்காத்சுகு மியாகே, வடக்கைத் தொழிலுக்கும் நடுப்பகுதியைக் கல்விக்கும் குடியிருப்புக்கும் தெற்கைப் பண்பாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் ஒதுக்கித் திட்டம் வகுத்தார். கசுஹிரோ இஷி என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு பள்ளிகளையும் ஊராட்சி அலுவலகத்தையும் எழுப்பிய அவருக்கு, தெற்குப்பகுதி மட்டும் நெடுநாள் கைகூடவில்லை. அங்கு முதலில் முயன்ற சுற்றுலாத் தொழில் நிலைக்கவில்லை. ஒக்கயாமா நகரப் பதிப்பாளர் தெத்சுஹிக்கோ ஃபுக்குதாக்கே, உலகச் சிறுவர்கள் கூடும் முகாம் ஒன்றை இங்கு அமைக்க விரும்பி 1985இல் மியாகேயைச் சந்தித்து உடன்பாடு கண்டு, மறு ஆண்டே காலமானார். மகன் சோய்ச்சிரோ, கட்டடக் கலைஞர் தடாவோ அண்டோவின் மேற்பார்வையில் 1989இல் அம்முகாமையும், அண்டோவே வடிவமைத்த, அருங்காட்சியகமும் தங்கும் விடுதியும் ஒன்றான பெனெஸ்ஸெ இல்லத்தை 1992இலும் திறந்தார்.

முகாமும் இல்லமும் ஊருக்கு வெளியே, தென்கரையில் எழுந்தவை. கலைக்கூடம் ஊருக்குள் கால்வைத்தது 1998இல்தான் என்பதால், தீவின் மறுமலர்ச்சியைக் கணக்கிடுவோர் 1992ஐவிட அந்த ஆண்டையே முதன்மையாகக் கொள்வது பொருந்தும். ஹொன்முரா என்னும் பழங்குடியிருப்பில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழமையுள்ள, ஆளற்றுப்போன கடோயா என்ற வீட்டைச் செப்பனிட்டு, இருளடைந்த அறையின் தரையில் ஆழமற்ற நீர்த்தொட்டி அமைத்து, நீருக்குள் 125 மின்னணு எண்காட்டிகளைப் பதித்தார் தாத்சுவோ மியாஜிமா. ஒவ்வொன்றும் ஒன்று முதல் ஒன்பது வரை தனக்குரிய வேகத்தில் ஓடும். பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஒளி அணைந்து, பின்னர் எண்ணிக்கை மீண்டும் தொடங்கும். அந்த வேகத்தைக் கலைஞர் தாமே முடிவுசெய்யாமல், ஐந்து வயதுக் குழந்தை முதல் தொண்ணூற்றைந்து வயது முதியவர் வரை ஊரார் 125 பேரிடம் விட்டுவிட்டார். நவீன கலை புரியாதவர்கள்கூடத் தங்கள் எண் எது என்று நீரில் தேடிக் காட்டக்கூடிய உரிமை அதனால் பிறந்தது; ஒரு கலைக்கூடம் ஊரோடு உறவு கொள்ள இதைவிட எளிய வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்தடுத்து வேறு வீடுகளும் கோயில் மனையும் இவ்வாறு கலைப்படைப்புகளாக மாற்றும் திட்டத்தில் சேர, கருக்கிய தேவதாருப் பலகைச் சுவர்களுக்கிடையே வழிகேட்டு வந்த அயலாருக்கு முதியோரே வழிகாட்டிகளாயினர். 2001 முதல், வாசலில் தொங்கும் சாயத்துணித் திரையாகிய நோரென் வீட்டுக்கு வீடு வேறு வேறு வடிவத்தில் ஏறியது. நம் ஊர்களில் மேலவீடு, மச்சுவீடு என்பதுபோல் குடும்பப் பெயருக்குப் புறம்பாக வழங்கும் வீட்டுப்பெயர்களை அங்கு யாகோ என்பர். அவையும் பெயர்ப்பலகைகளாக வாசல்களில் இடம்பெற்றன. மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை இயற்கை ஒளியில் காட்டும், மண்ணுக்கடியிலான சிச்சூ அருங்காட்சியகம் 2004இல் திறக்கப்பட்டது.

அயல்தீவான தேஷிமாவின் கதை கசப்பானது. சட்டத்துக்குப் புறம்பாக அங்குக் கொட்டப்பட்ட தொழிற்கழிவை எதிர்த்து மக்கள் நெடுங்காலம் போராடி 2000இல் உடன்படிக்கை பெற்ற பின், ஏறத்தாழ 9 லட்சம் டன் கழிவும் மாசுபட்ட மண்ணும் 2003 முதல் 2017 வரை கப்பலேறி நவோஷிமாவின் வடமுனைக்கே வந்து பதப்படுத்தப்பட்டன. தேஷிமாவில் 2010இல் கட்டடக் கலைஞர் ரியூஏ நிஷிசாவாவும் கலைஞர் ரேய் நைத்தோவும் ஒற்றைக் கற்காரை ஓடாக எழுப்பிய அருங்காட்சியகத்தைச் சுற்றிலும், தரிசாய்க் கிடந்த படிக்கட்டு வயல்கள் ஊராரின் உழைப்போடு திருத்தப்பட்டு மீண்டும் நெல் விளைகிறது. அதே ஆண்டு தொடங்கிய செத்தோஉச்சி முத்தாண்டு கலைவிழா பல தீவுகளுக்கும் மக்களை இழுத்தது.

எனினும் மறுமலர்ச்சி என்னும் சொல்லை அளந்தே ஆளவேண்டும். நவோஷிமாவின் மக்கள்தொகை இன்று மூவாயிரம் அளவில்தான் இருக்கிறது. வடமுனை ஆலையும் மூடப்படவில்லை. ஒருகாலத்தில் தாதுவை மட்டும் உருக்கிய அது, இப்போது உலகெங்கும் தூக்கியெறியப்படும் மின்னணுச் சுற்றுப்பலகைகளையும் சேர்த்து உருக்கி, அவற்றிலிருந்து செம்பும் பொன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறது.