அசைவைப் பதிவுசெய்த நுண்ணோக்கி

மேகநோய் எனப் பேச்சுவழக்கில் வழங்கும் சிபிலிசுக்குக் காரணமான நுண்ணுயிரியை ஃபிரிட்ஸ் ஷவுடின், எரிக் ஹோஃப்மன் ஆகிய இருவரும் 1905இல் பெர்லினில் கண்டறிந்தனர். திருகாணிபோல் சுருண்டு, மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லியதாக இருந்த அந்த உயிரி சாயத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, கரிய பின்புலத்தில் உயிரியை மட்டும் மினுங்கச் செய்யும் இருள்புல நுண்ணோக்கியில் அதை உயிருடன் பார்ப்பதே சிறந்த வழியாயிற்று. ஆனால் தீங்கற்ற வேறு சுருளுயிரிகளும் ஏறத்தாழ அதே வடிவில் இருந்தமையால், அது எவ்வாறு வளைகிறது, எவ்வாறு சுழல்கிறது என்பதைக் கொண்டே அதனை இனங்காண வேண்டியிருந்தது. நிழற்படத்தில் பதியாமல் போனதும் அந்த அசைவுதான்.

பாரிசின் சேன்ட் லூயி மருத்துவமனையில் இந்த உயிரியை ஆராய்ந்துவந்த ழான் கொமாந்தோன் என்ற இளம் மருத்துவர், இதற்குத் திரைப்படச் சுருளே தீர்வு எனக் கருதினார். படத்தொழில் அதிபர் சார்ல் பாத்தே வென்சேன் நகரிலிருந்த தம் தொழிற்கூடத்தில் அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார்.

அங்கு எழுந்த பெரும் இடர் ஒளியைப் பற்றியது. நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் பதிய வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. இருள்புல முறையிலோ உயிரி சிதறடிக்கும் சிற்றொளி மட்டுமே சுருளை அடையும். அதனை ஈடுசெய்ய வலிய வில்விளக்கை, அதாவது இரு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரம் பாய்வதால் ஒளிரும் விளக்கைப் பயன்படுத்தினால், அதன் வெப்பமே உயிரியைக் கொன்றுவிடும். எனவே வெப்பத்தை உறிஞ்ச ஒளியின் வழியில் நீர்த்தொட்டி வைக்கப்பட்டது. படம் பதியும் கணத்தில் மட்டும் உயிரிமீது ஒளி விழுமாறு மறைப்புத் தகடும் பொருத்தப்பட்டது. உயிரியைப் பார்ப்பதற்கு வேண்டிய ஒளியிலிருந்தே அதனைக் காத்த இந்த ஏற்பாட்டைக் கொமாந்தோனின் உண்மையான சாதனை எனக் கொள்ளலாம்.

நுண்ணோக்கிக் காட்சிகள் அதற்கு முன்பும் திரையேறியிருந்தன. 1903இல் மார்ட்டின் டங்கன் எடுத்து, சார்லஸ் அர்பன் லண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் காட்டிய படங்களில் பாலாடைக்கட்டியில் ஊரும் உண்ணிகள் மக்களை வியப்பில் ஆழ்த்தின. 1908இல் விக்தோர் ஆன்றி, நீர்மத்தில் மிதக்கும் துகள்களின் இடையறாத நடுக்கமாகிய பிரௌனியன் இயக்கத்தைப் படமாக்கினார். ஆயினும் 1909 அக்டோபரில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் கொமாந்தோனின் படங்கள் ஓடியபோது, செவ்வணுக்களின் நடுவே நெளியும் உயிரிகளை அறிஞர் அவை முழுவதும் ஒருசேரக் கண்டது. அதுவரை கண்வில்லையில் குனிந்த ஒருவர் மட்டுமே கண்டு பிறருக்குச் சொல்லிவந்த காட்சி அது.

பாத்தேயின் ஆதரவு நின்ற பின் கொமாந்தோன் வங்கியாளர் ஆல்பேர் கானின் உதவியுடன் பூலோன் நகரிலும், பிறகு கார்ஷ் நகரின் பாஸ்டர் நிறுவனத்திலும் பணியைத் தொடர்ந்தார். அங்கு அவரும் பியேர் த ஃபோன்புரூனும் 1939இல் ஓர் அமீபாவின் உட்கருவை மற்றோர் அமீபாவுக்குள் செலுத்தினர். உட்கருவை இழந்து ஊர்வதை நிறுத்தியிருந்த அமீபா, புதிய உட்கருவைப் பெற்றதும் மீண்டும் ஊரத் தொடங்கியது.