விஹார் ஏரியின் எண்: மும்பை இடிமழை முன்னறிவிப்பின் வரலாற்றில் ஒரு மறுவாசிப்பு

2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெய்த மழையை நகரமே பெருக்கிக்கொண்டது என்ற கருத்துக்கு அறிவியல் வடிவம் தந்த ஆய்வுகளில் முதன்மையானது மிங் லெய், தேவ் நியோகி முதலியோர் 2008இல் வெளியிட்ட கட்டுரை. வளிமண்டலக் கணினி மாதிரியொன்றை நகரப் பரப்பின் வெப்பக் கணக்கு இல்லாமல் ஒருமுறையும், அதைச் சேர்த்து மறுமுறையும் அவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். சேர்த்தபோது காற்றின் மேலெழுச்சியும் மழையும் கணிசமாக மாறின. புயல் தொடங்கும் கட்டத்தில் மாற்றம் இன்னும் கூடுதல். நகரமயமாதல் பருவமழையின் உச்சங்களைப் பெரிதாக்கக்கூடும் என்பது அவர்களின் முடிவு.

கட்டுரை தன்னளவில் எச்சரிக்கையானது. நகரம் மட்டுமே முதன்மைக் காரணியல்ல என்றும், செயற்கைக்கோள் தந்த கடற்பரப்பு வெப்பநிலையோடு நகர விவரமும் சேர்ந்தபோதுதான் காற்று குவியும் பகுதி மும்பை மேல் நிலைத்தது என்றும் ஆசிரியர்களே சொல்கிறார்கள். பின்னால் வந்தவர்கள் இந்த நிபந்தனையை உதிர்த்துவிட்டு முடிவை மட்டும் சுமந்து திரிகிறார்கள். ஆனால் நிபந்தனையோடு சேர்த்து வாசித்தாலும் எனக்கு உடன்பாடில்லை. காரணம் ஒரே ஒரு மழைமானியின் எண்.

மும்பைப் புறநகரான சாந்தாகுரூஸில் 944 மி.மீ., அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில், நகரின் தென்முனையிலுள்ள கொலாபாவில் எழுபது மி.மீ.யை ஒட்டிய மழை: அந்த நாளின் கதை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களாலேயே சொல்லப்படுகிறது. மூன்றாவது எண்ணொன்று உண்டு. விஹார் ஏரியில் 1049 மி.மீ. அளவிடப்பட்டது. நகரின் குடிநீருக்காக 1860இல் முடிக்கப்பட்ட ஏரி அது. சாந்தாகுரூஸிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், காடும் குன்றும் சூழ்ந்து கிடக்கிறது. அன்றைய பதிவுகளில் சாந்தாகுரூஸையும் மிஞ்சிய எண், கட்டடங்கள் அடர்ந்த இடத்திலிருந்து வரவில்லை. நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து வந்தது. பெரும்பாலான விவரிப்புகள் இதை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு நகர்கின்றன.

எதிர்வாதம் உடனே எழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1971 முதல் 1975 வரை நடந்த மெட்ரோமெக்ஸ் ஆய்வு, நகரத்தைத் தாண்டிக் காற்று போகும் பக்கத்தில்தான் மழை கூடுகிறது என்று காட்டியது. மேற்குக் காற்று வீசும் பருவத்தில் விஹார் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்த எண் நகரக் கருதுகோளுக்கே ஆதரவாகலாம். ஆகலாம்தான். ஆனால் லெய் குழுவின் மாதிரி மழையைக் கூட்டிக் காட்டியது காற்று நகருக்குள் நுழையும் பக்கத்தில். இரண்டு வாதங்களையும் ஒரே எண்ணின் மேல் ஏற்ற முடியாது.

குன்றுகள்தான் காரணம் என்று நான் மாற்றுரைக்க வரவில்லை. விஹாருக்கு நான்கைந்து கிலோமீட்டர் வடக்கே, அதே காட்டுக்குள் இருக்கும் துளசி ஏரியில் 600 மி.மீ. அளவே பதிவானது. குன்றை மட்டும் நம்பினால் துளசி அந்த நம்பிக்கையைக் கவிழ்க்கும். இன்னொரு சான்றையும் பார்க்க வேண்டும்: 1974 ஜூலை 5க்குரிய பதிவில் கொலாபா 575.6 மி.மீ. காட்டியது. அந்த முறை பெருமழை கொட்டியது தென்முனையில். ஒரு நாளை வைத்து இன்னொரு நாளை மறுப்பது பலவீனமான வாதம் என்பதை அறிவேன். ஆனாலும் ஒரே நகரம், முப்பதாண்டு இடைவெளியில் எதிரெதிர் முனைகளில் உச்சமழையைக் கண்டிருக்கும்போது, நகரத்தின் உருவமே மழையின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்று சொல்லுமுன் தயங்கத்தான் வேண்டும்.

நாள்கணக்கும் இங்கே தகராறு செய்கிறது. இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்கு முடிகிறது, அதுவரையிலான 24 மணி நேர மழை, முடியும் தேதியின் பெயரில் ஏறும். எனவே 26ஆம் தேதி பிற்பகல் பெய்த மழை பதிவேட்டில் 27ஆம் தேதிக்குரியது. சில நூல்கள் ஒன்றையும் சில மற்றதையும் தருகின்றன. விஹார் எண்ணும் இதே 8.30 கணக்கில்தான் எடுக்கப்பட்டதா என்பது வெளியான எண்ணிலிருந்து விளங்கவில்லை. எடுக்கப்பட்ட நேரம் வேறாயின், 1049ஐயும் 944ஐயும் பக்கத்தில் வைப்பதே ஓரளவு தவறாகும். என் வாதத்தின் மெலிந்த இடம் இதுதான்.

முன்னறிவிப்பின் வரலாற்றுக்கு இந்தச் சர்ச்சை ஏன் முக்கியம்? விஹார், பொவாய் ஏரிகளின் மிகைநீர்தான் மித்தி ஆறாகத் தொடங்குகிறது. விமான ஓடுபாதைக்கு அடியில் புகுந்து, குர்லாவைத் தொட்டு, மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. ஆகவே விஹாரில் விழுந்த மழை, வெள்ளக் கணக்கில் சாந்தாகுரூஸின் மழையைவிட முந்திய செய்தி. அன்று அதை உடனுக்குடன் கேட்க வழியில்லை. மும்பையில் டாப்ளர் ரேடாரும் இல்லை. மணிக்கு 25 மி.மீ. மழைக்கென அமைந்த வடிகால்கள் மேல் சாந்தாகுரூஸில் ஒரே மணி நேரத்தில் 190 மி.மீ. இறங்கியது, 4.48 மீட்டர் உயரக் கடலேற்றம் வாய்க்கால் முகங்களை அடைத்துக்கொண்டது. வட்டார அறிக்கையோ ‘கொங்கண்–கோவா’ என்ற அகன்ற பெயரில்தான் பேசியது.

அடுத்து வந்த மாற்றங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2006இலிருந்து மாநகராட்சியின் தானியங்கி மழைமானிகள் கால்மணிக்கு ஒருமுறை அளவு அனுப்பின. பிறகு கொலாபாவில் டாப்ளர் ரேடார் வந்தது. 2020 ஜூனில் மழை, ஆறு, கடலேற்றம் மூன்றையும் இணைத்த ஐஃப்ளோஸ் முறை தொடங்கியது. 2022இல் மும்பையின் வெராவலியில் இரண்டாவது ரேடார் நிறுவப்பட்டது. இந்த வளர்ச்சியை ‘மழையை உண்டாக்கும் நகரம்’ என்ற கருத்தின் வெற்றியாக வாசிப்பதை நான் ஏற்கவில்லை. நாள் அளவிலிருந்து நிமிட அளவுக்கும், வட்டாரத்திலிருந்து ஓடைக்கும் கவனம் இறங்கிவந்த வரலாறு இது. அதைத் தூண்டியது மழைமானிகளின் போதாமை.

சாந்தாகுரூஸின் உச்ச மணி பிற்பகல் 2.30க்கும் 3.30க்கும் இடையே. விஹாரில் உச்சம் அதற்கு முன்பா பின்பா என்பதைக் காட்டும் மணிவாரிப் பதிவு ஏதேனும் ஏரிக் குறிப்பேடுகளில் எஞ்சியிருந்தால், இடிமேகம் எந்தப் பக்கம் வளர்ந்தது என்ற கேள்விக்கு அதுவே முதல் நேரடிச் சான்றாகும். அதுவரை லெய் குழுவின் முடிவையும் என் மறுப்பையும் கருதுகோள்களாகவே வைத்திருப்பது நேர்மை.