கடன் கேட்பதற்கும் ஒரு நெறி: புரோநோட்டு முதல் கணினி வரை

கொடுத்த கடனைக் கேட்பது கொடுத்தவரின் உரிமை. ஆனால் எப்போது கேட்பது, எத்தனை முறை கேட்பது, எங்கே நிறுத்துவது என்பவற்றைக் கோபம் முடிவு செய்யலாகாது. முன்கூட்டியே வகுத்த விதிதான் முடிவு செய்ய வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதற்குச் சற்று முன்னுள்ள வசனம் (2:280) நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்கிறது. எழுத்தும் அவகாசமும் பிரியக் கூடாதவை. நம் சேலம், நாமக்கல் வட்டாரத்தின் கடன் வரலாறும் இதையே காட்டுகிறது.

புரோநோட்டின் மூன்றாண்டு

நம் பாட்டனார் காலத்தில் கடன் என்றால் புரோநோட்டு. நோட்டு எழுதி மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடராவிட்டால் அது காலாவதியாகிவிடும். 1908ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 1963ஆம் ஆண்டின் சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே கெடு நெருங்கும்போது கடன் கொடுத்தவர் ஊருக்கு வருவார். சிறு தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பம் பெறுவார். அன்றிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு. கடன்காரர் வீட்டு வாசலுக்கு வந்த நினைவூட்டல் இவ்வாறு சட்டத்தின் நாட்காட்டியைப் பார்த்தே வந்தது.

இதில் ஒரு கேடும் இருந்தது. பழைய நோட்டைக் கிழித்துப் புதிய நோட்டு எழுதும்போது, நின்ற வட்டியும் முதலோடு சேர்ந்துவிடும். நூறு ரூபாய்க் கடன் சில புதுப்பித்தல்களில் பன்மடங்காகும். நினைவூட்டுவதற்கு விதி இருந்தது. முடிப்பதற்கு விதி இல்லை.

1938: முடிவுக்கும் ஒரு விதி

அந்த விதியை எழுதியவர் நம் மாவட்டத்துக்காரர். இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தவர். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து உழவர்கள், நெசவாளர்கள் நடுவே வாழ்ந்தவர். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரான அவரது அரசு, 1938 மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அச்சட்டம் இரக்கத்தைக் கணக்காக மாற்றியது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. முதலும் வட்டியுமாக, முதலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்தது. அவ்வளவு செலுத்தாதவர் இரு மடங்குக்குக் குறைவதையோ நிற்கும் முதலையோ, எது சிறிதோ அதைச் செலுத்தினால் போதும். 1930இல் 100 ரூபாய் வாங்கி, வட்டியாக மட்டும் 160 ரூபாய் கட்டிய உழவர் இனி 40 ரூபாய் தந்தால் விடுதலை. நோட்டை எத்தனை முறை புதுப்பித்திருந்தாலும் முதன்முதலில் கைமாறிய தொகையையே முதலாகக் கொள்ள வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. புதிய கடன்களுக்கு மாதம் ரூபாய்க்கு ஒரு பைசா என்ற தனிவட்டியே உச்சவரம்பு. ரூபாய்க்கு 192 பைசா என்ற அந்நாளைய கணக்கில் இது ஆண்டுக்கு ஆறேகால் விழுக்காடு.

வட்டியே கூடாது என்னும் நம் மார்க்க நிலைப்பாடு இதனினும் கடுமையானது. ஆயினும், முதல் கொடுத்தவருக்கு உரியது, அதற்கு மேல் பெருகும் சுமைக்கு ஓர் எல்லை வேண்டும் என்ற நியாயத்தை ஒரு மாகாண அரசு சட்டமாக எழுதியது நாம் நினைவில் வைக்கத் தக்கது.

இன்றைய கணக்குப்பிள்ளை

இன்று செவ்வாய்ப்பேட்டை மண்டியானாலும், நாமக்கல் முட்டை வணிகமோ லாரிப் பட்டறையோ ஆனாலும், நிலுவையைக் கணினியே கவனிக்கிறது. டேலி மென்பொருளில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் தவணை நாட்களைப் பதியலாம். நிலுவையைப் பில் வாரியாகப் பார்க்கலாம். நினைவூட்டல் கடிதம் எடுக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் புக்ஸ் மென்பொருளில் கெடுவுக்கு இத்தனை நாள் முன்பு, இத்தனை நாள் பின்பு என்று அமைத்துவிட்டால் மின்னஞ்சல் தானே செல்லும். ஆனால் அந்த எண்களை இடுபவர் நாம். அவற்றுக்குப் பொறுப்பாளரும் நாமே.

நம் வணிகக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. வட்டிக் கணக்கீடு வேறு, நினைவூட்டல் வேறு. முன்னதை அணைத்துவிட்டுப் பின்னதை மட்டும் இயக்கலாம். கெடுவுக்கு மூன்று நாள் முன் ஒன்று, கடந்த ஏழாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் கணக்கு விவரத்துடன் ஒன்று என்பது போதுமான வரிசை. அதன்பின் கணினி நிற்கட்டும், மனிதர் பேசட்டும். அவர் ஒரு தேதி சொன்னால் அதைப் பதிவு செய்து, அதுவரை நினைவூட்டலை நிறுத்தி வைக்க வேண்டும். செய்தி கடனாளிக்கு மட்டுமே செல்ல வேண்டும். உறவினருக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ அல்ல. வங்கிக் கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. வணிகர்களை அது கட்டுப்படுத்தாது. எனினும் நாம் பின்பற்றத் தக்க பண்பு அது.

இன்னொன்று. நாம் நூறு செய்தி அனுப்பினாலும் மூன்றாண்டுக் காலக்கெடு நீளாது. கெடு முடியுமுன் கடனாளி எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால்தான் நீளும். ஆகவே ஆண்டுதோறும் நிலுவை உறுதிக் கடிதத்தில் ஒப்பம் பெறுவது இரு தரப்புக்கும் நல்லது. அன்று நோட்டின் பின்புறம் எழுதிய வரவின் வேலையை இன்று இக்கடிதம் செய்கிறது.

இயலாதவர் என்று உறுதியாகத் தெரிந்தால், அவர் பெயருக்கு எதிரே தானியங்கி நினைவூட்டலை நிறுத்தும் வசதியும் உண்டு. அதை அழுத்துவதற்குச் சட்டம் தேவையில்லை, மனம் போதும். கொடுத்தவருக்குப் பொறுமையையும், வாங்கியவருக்குத் திருப்பித் தரும் வசதியையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக!