பொதிமாட்டுக்காரரின் மூக்கு

போர் வரலாற்றைக் கற்பிக்கும்போது மன்னர்களின் பெயர்களையும் உடன்படிக்கைகளின் ஆண்டுகளையும் மாணவர் மனத்தில் பதிக்கிறோம். படைக்குத் தானியம் சுமந்த மாடுகளையும் அவற்றை ஓட்டியவர்களையும் யார் நினைக்கிறார்கள்? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி மல்லசமுத்திரம் உள்ளிட்ட நம் சேலத்துச் சமவெளி, திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியாரின் கைக்கு மாறியது. அந்தப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய காவஸ்ஜி என்னும் மராட்டியர், சுல்தானின் ஆட்களிடம் சிறைப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன.

சுல்தான்மீது பெருமதிப்பு உடையவன் நான். இச்செய்தியை எழுதியது பகைவரின் பேனா என்பதும் அறிவேன். ஆயினும் அதைக் காட்டி இதனை மூடிவிட மனம் இடந்தரவில்லை. ‘முஸ்லா’ எனப்படும் உறுப்புச் சிதைப்பை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதைப் படித்த நாம் இதற்குச் சமாதானம் தேடலாகாது.

மூக்கிழப்பு என்றதும் அரபு ஓதியவர்களுக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் நினைவு வரும். அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கிழந்த அவர்கள் வெள்ளி மூக்கு பொருத்தினார்கள். அது நாற்றமெடுக்கவே, ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன்னாலேயே மூக்கு செய்துகொள்ள நபியவர்கள் பணித்ததாக அபூதாவூதும் திர்மிதீயும் அறிவிக்கின்றனர்.

காவஸ்ஜிக்குக் கிடைத்ததோ உயிருள்ள மூக்கு. ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி இருந்த அவருக்குப் புனேக்கு அருகே, செங்கல் அறுக்கும் குலத்தவர் ஒருவர் அதனைச் செய்து கொடுத்தார். முதலில் மெழுகுத் தகட்டால் மூக்கின் வடிவம் சமைத்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். கோட்டுக்குள் அடங்கிய தோலை உரித்தெடுத்தார். இரு கண்களுக்கும் இடையே ஒரு சிறு பட்டையை மட்டும் அறுக்காமல் விட்டார். பிறகு மூக்கின் பழைய வடுவைச் சீவி, தோலைத் திருப்பி இறக்கிப் பொருத்தினார். மேலே நம் வீடுகளில் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணி. நான்கு நாள் கழித்து நெய்யில் தோய்த்த துணி. சுமார் இருபத்தைந்தாம் நாள் அந்தப் பட்டை அறுக்கப்பட்டது.

முழு நுட்பமும் அந்தப் பட்டையில்தான் இருக்கிறது. புதிய இடத்தில் தோல் வேர்கொள்ளும்வரை அதன் வழியாகவே இரத்தம் ஓடிற்று. இன்றைய மருத்துவர் இதைத் தோல் மடல் என்பர். முற்றிலும் பிரித்தெடுத்து, தீக்காயத்தில் பதிக்கும் ஒட்டுத்தோல் வேறு வகை. அது முதற்சில நாட்கள் புண்ணில் ஊறும் நீரையே உண்டு பிழைத்து, பின்னரே புதிய இரத்தக் குழாய்களைப் பெறுகிறது. பாரிஸில் ரெவெர்டின் என்பவர் 1869இல்தான் சிறு சிறு தோல் துண்டுகளை அவ்வாறு பதித்துக் காட்டினார்.

இந்த வித்தை நம் நாட்டில் புதிதன்று. சுசுருதரின் சம்ஹிதையிலேயே மூக்கு அமைக்கும் முறை உண்டு. அந்நூலை ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா பர்மகீயின் கட்டளைப்படி, மங்கா என்னும் இந்தியர் பக்தாதில் அரபுக்குக் கொணர்ந்தார் என்று இப்னுந் நதீம் தம் ஃபிஹ்ரிஸ்தில் எழுதுகிறார். ஐரோப்பாவோ புனேச் செய்தியை 1794 அக்டோபரில், லண்டன் ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ இதழில்தான் வியப்போடு படித்தது. அதைக் கண்ட கார்ப்பியூ என்னும் லண்டன் மருத்துவர், இருபது ஆண்டு கழித்து 1814இல் படை அதிகாரி ஒருவருக்கு அவ்வாறே மூக்கமைத்து, 1816இல் நூலாகவும் வெளியிட்டார்.

அந்த இதழில் காவஸ்ஜியின் பெயரும் படமும் உள்ளன. அருகிருந்து பார்த்த குரூசோ, ஃபின்ட்லே என்னும் ஆங்கில மருத்துவர் இருவரின் பெயரும் உண்டு. கத்தி பிடித்தவரைக் குலத்தால் குறித்தார்களேயன்றி, அவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.