மூவேளை செபமும் மூன்று ஷிஃப்டும்: வடசென்னையில் நேர வழிபாட்டு மரபு

தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாட்டு மரபு 1960களில் அறுந்துபோனது என்பது ஆய்வுலகில் நிலைபெற்றுவிட்ட கருத்து. இலத்தீன் பூசைதான் மரபு. அது போனபின் எஞ்சிய செபமாலை, காலை நண்பகல் மாலை என மும்முறை சொல்லும் மூவேளை செபம், தேர்பவனி எல்லாம் வெறும் மக்கள் பக்தி என்று இப்பார்வை பிரித்து வைக்கிறது. பழைய பூசைக்குத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வழி திறந்ததும், அடுத்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் அதைச் சுருக்கியதும் இந்தப் பிரிவினையை இறுக்கின. மரபு என்றாலே 1962ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகம் என்றாயிற்று. துறவு வாழ்வைத் தேடுவோரோ 1950இல் குளித்தலை அருகே தோன்றிய சாந்திவனம் ஆசிரமத்துக்குப் போகிறார்கள். வடசென்னையின் இராயபுரத்துக்கு யாரும் வருவதில்லை. அந்தப் பூசைப் புத்தகத்தைவிடப் பழைய மரபாகிய மடங்களின் நேர வழிபாடு, இராயபுரம் முதல் எண்ணூர் வரை பொதுநிலையினர் வாயில் தொடர்கிறது என்பது என் வாதம்.

மேற்கண்ட பிரிவினைக்குச் சான்றாகக் காட்டப்படுவது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 13ஆம் பத்தி. திருவழிபாடு தன் இயல்பால் பக்தி முயற்சிகள் அனைத்தையும் விஞ்சியது என்று அப்பத்தி முடிகிறது. முந்தைய ஆய்வுகள் இம்முடிவையே முழுப் பத்தியாகக் கொள்கின்றன.

பத்தியின் வரிசையோ வேறு. முதலில், திருச்சபைச் சட்டத்துக்கு இசைந்த பக்தி முயற்சிகளை அது பெரிதும் பாராட்டுகிறது. அடுத்து, ஆயர்களின் ஆணையோடு, வழக்கப்படியோ ஏற்கப்பெற்ற நூல்களின்படியோ தலத் திருச்சபைகள் நடத்துபவற்றுக்குத் தனி மாண்பு உண்டு என்கிறது. நூலுக்கு இணையாக வழக்கமும் அங்கே இடம்பெறுவதை எளிதில் கடந்துவிடக் கூடாது. கடைசியாகவே நிபந்தனைகள் வருகின்றன: அவை வழிபாட்டுக் காலங்களோடு ஒத்துப்போக வேண்டும், ஏதோ ஒரு வகையில் திருவழிபாட்டிலிருந்தே பிறந்திருக்க வேண்டும், மக்களை அதனிடம் இட்டுச்செல்ல வேண்டும். விஞ்சியது என்ற கூற்று இந்நிபந்தனைகளுக்கான காரணமாகவே வருகிறது. ஆகவே, என் வாசிப்பில், இப்பத்தி பக்தியை வெளியே தள்ளவில்லை. அதன் பிறப்பையும் போக்கையும் கேட்கிறது.

பிறப்பைப் பார்ப்போம். செபமாலையின் 150 மங்கள வார்த்தை செபங்கள் 150 திருப்பாடல்களுக்கு ஈடாக அமைந்தவை; திருப்பாடல்களை வாசிக்க இயலாதோர் மடத்துச் செபத்தில் பங்குபெற்ற வழி அது. மூவேளை செபமும் மடங்களின் வழிபாட்டு மணியை ஒட்டி வளர்ந்தது. 1974இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் மரியன்னை வணக்க ஊக்கவுரையில் செபமாலையைத் திருவழிபாடு என்னும் பழைய அடிமரத்தின் கிளையாகக் கண்டார். மூவேளை செபத்தில் ஏறத்தாழ வழிபாட்டுக்குரிய தாள ஒழுங்கு இருப்பதையும் சுட்டினார். 13ஆம் பத்தி கேட்கும் பிறப்புச் சான்று இதுவே.

இனி இடத்துக்கு வருவோம். துறைமுகம் எழுமுன் அலையைக் கடந்து சரக்கும் ஆளும் ஏற்றிய படகோட்டிகள் எழுப்பியது இராயபுரம் புனித இராயப்பர் கோயில். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரிலும் ஆலை அமைத்தபின் கடலின் நேரத்தோடு ஷிஃப்டு நேரமும் சேர்ந்தது. இத்தகைய வாழ்வில் எல்லோரும் ஒரே நேரத்தில் கோயிலில் கூடுவது அரிது. மூவேளை செபத்துக்கோ குருவும் பீடமும் தேவையில்லை. படகிலும் ஆலை வாசலிலும் சொல்லலாம். அக்டோபரில் வீடு வீடாகச் செல்லும், அன்பியம் எனப்படும் பங்கின் சிறு குழுக்களின் செபமாலையும் அப்படியே. நேர வழிபாட்டின் பகுதியான மாலைப் புகழை ஞாயிறுதோறும் கோயிலில் கூடிச் செபிக்க அதே சங்க ஏட்டின் 100ஆம் பத்தி விரும்பியது. குருக்களும் துறவியரும் நேர வழிபாட்டு நூலாகிய திருப்புகழ்மாலையைக் கையில் வைத்திருந்தாலும் பங்குகளில் அவ்வழக்கம் பரவலாக வேரூன்றவில்லை. நாளைச் செபத்தால் பகுக்கும் பணியை மூவேளை செபமும் செபமாலையுமே சுமந்தன.

சங்கத்துக்குமுன் பூசை நடக்கும்போதே மக்கள் செபமாலை சொன்னார்களே, அது திருவழிபாட்டிலிருந்து விலகியதற்குச் சான்றல்லவா என்று கேட்கலாம். அவ்வழக்கத்தைத் தவறென்று ஆறாம் பவுலே கண்டித்தார். ஆனால் அது செபத்தின் நேரம் பற்றிய குறை, அதன் பிறப்பை அது மாற்றாது. 2002இல் செபமாலையில் ஒளியின் மறையுண்மைகள் சேர்ந்ததால் 150 என்ற எண்ணிக்கை குலைந்தது என்பது அதைவிடச் சிறிய தடை. கிளை நீண்டதால் வேர் மாறாது. படகோட்டிக்கும் தொழிலாளிக்கும் இக்கோட்பாடு தெரியாது என்பதை நான் தடையாகவே கருதவில்லை. மரபு அதைச் செய்பவரிடம் வாழ்கிறது, விளக்குபவரிடம் மட்டுமல்ல.

இம்முடிவை எல்லாக் கடற்கரைப் பங்குகளுக்கும் நீட்ட நான் துணியவில்லை. ஆனால் வடசென்னையைப் பொறுத்தவரை, மரபு அறுந்தது என்போர் பூசையின் மொழியை மட்டும் அளந்தார்கள். நாளின் ஒழுங்கை அளக்கவில்லை. அதை அளக்க வேண்டுமானால் ஆய்வு, பூசைப் புத்தகங்களோடு வீட்டுச் செபப் புத்தகங்களையும் அன்பியக் குறிப்பேடுகளையும் மூலச் சான்றுகளாக ஏற்க வேண்டும். அவற்றை விட்டுவிட்டு எழுதப்படும் வழிபாட்டு வரலாறு குருக்களின் வரலாறாகவே நிற்கும்; திருச்சபையின் வரலாறு ஆகாது.